12 வருஷ ஆஃப்-சீசன்: சென்னை ஹாக்கி ரசிகனின் சரித்திரம்

கூகுளில் 'ஹாக்கி ஆஃப்-சீசன்' என்று தட்டிப் பாருங்கள். வருவதெல்லாம் ஐஸ் ஹாக்கிதான். ஜூன் மாதம் சீசன் முடிந்துவிட்டதே, அக்டோபர் வரைக்கும் எப்படிப் பொழுதைத் தள்ளுவது என்று கனடாக்காரர்களும் அமெரிக்கர்களும் புலம்பித் தள்ளியிருப்பார்கள். நடுவில் அவர்கள் ஒன்றும் சும்மா இருப்பதில்லை. ஜூன் கடைசியில் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட், ஜூலை முதல் தேதி ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் யார் எந்த அணிக்குப் போகிறார்கள் என்கிற பரபரப்பு, செப்டம்பரில் பயிற்சி முகாம். இவ்வளவு இருந்தும் அழுகை! மொத்தமே மூன்றரை மாதம்தான் சாமி.

நம்ம சென்னையிலும் ஹாக்கி ரசிகர்கள் உண்டு. ஐஸ் இல்லாத, டர்ஃபில் தண்ணீர் அடித்து ஆடுகிற ஹாக்கி. இவர்களுக்கும் தொழில்முறை லீக் இருந்தது, ஊர்ப் பெயரில் அணி இருந்தது, சீசன் இருந்தது. இவர்களுடைய ஒரு ஆஃப்-சீசன் 2012 ஏப்ரலில் ஆரம்பித்து 2024 டிசம்பரில்தான் முடிந்தது. அந்த ஏப்ரலில் பிறந்த குழந்தை ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டிருக்கும்! இவ்வளவு நீளமான இடைவெளியில் ஒருவன் எப்படி ரசிகனாகவே இருந்தான் என்பதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். (கிரிக்கெட் மட்டும் பார்க்கிற நம்ம கிளாஸ் மக்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். உங்களுக்கும் நடுவில் ஒரு பாரா இருக்கிறது.)

முதலில் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த சீசன் எப்போது என்று தெரிந்தால்தான் அதற்குப் பெயர் ஆஃப்-சீசன். தெரியாவிட்டால் அதற்குப் பெயர் வேறு. ஐஸ் ஹாக்கிக்காரர்களுக்கே ஒருமுறை அந்த அனுபவம் வாய்த்தது. 2004 செப்டம்பரில் என்.ஹெச்.எல். என்கிற அவர்களுடைய பெரிய லீக்கில் முதலாளிகள் கதவைப் பூட்டினார்கள். வீரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று இவர்கள், முடியாது என்று அவர்கள். பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போய், 2005 பிப்ரவரி 16 அன்று சீசன் முழுவதையும் ரத்து செய்தார்கள். 30 அணிகள், 1,230 ஆட்டங்கள், ஒன்றுகூட நடக்கவில்லை. அவர்கள் கோப்பையில் ஒவ்வொரு வருஷமும் ஜெயித்த அணியின் பெயரைப் பொறிப்பது வழக்கம். அந்த வருஷத்துக்கு நேராக 'சீசன் ஆடப்படவில்லை' என்று பொறித்திருக்கிறார்கள். ஆனாலும் ஜூலையில் சமாதானமாகி அக்டோபரில் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். டொரண்டோவில் இருக்கிற நம்ம தமிழர்களுக்கு அவர்களுடைய மேப்பிள் லீஃப்ஸ் அணி அப்படியே திரும்பக் கிடைத்தது. அந்த அணி 1967-க்குப் பிறகு கோப்பையே ஜெயித்ததில்லை என்பது வேறு சோகம் :-)

வேடிக்கை என்னவென்றால், அங்கே ஹாக்கி பூட்டிக் கிடந்த அதே 2005 ஜனவரியில்தான் இங்கே கதவு திறந்தது. பிரீமியர் ஹாக்கி லீக். ஐ.பி.எல். வருவதற்கு மூன்று வருஷம் முன்னால்! ஊர்ப் பெயரில் அணி, கலர் கலராகச் சட்டை, நேரடி ஒளிபரப்பு, வெளிநாட்டு வீரர்கள் எல்லாம் இந்தியாவில் முதலில் செய்து பார்த்தது ஹாக்கிதான் என்று சொன்னால் பல பேர் நம்புவதில்லை. இரண்டு பாதியாக ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தை அப்போதே நாலு கால் பகுதிகளாகப் பிரித்தார்கள். உலக ஹாக்கி சம்மேளனம் சர்வதேச ஆட்டங்களுக்கு அதைக் கொண்டுவந்தது 2014-ல்தான்.

நம்ம அணியின் பெயர் சென்னை வீரன்ஸ். பெயர் நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் முதல் சீசனை ஆடியது ஹைதராபாத் கச்சிபௌலியில்! எல்லா அணிகளுக்கும் அதே மைதானம். டி.வி.க்கு அதுதான் வசதி, செலவும் குறைவு. அடுத்தடுத்த சீசன்களிலும் ஒன்றிரண்டு ஊர்களில் கூடாரம் போட்டு மொத்த லீக்கையும் முடித்துக்கொண்டார்களே தவிர, ஒவ்வொரு அணியும் சொந்த ஊரில் ஆடுவது என்கிற ஏற்பாடு கிடையாது. எனக்கு இதுதான் பெரிய தப்பாகத் தெரிகிறது. அணி ஊரில் இல்லாவிட்டால் சீசன் முடிந்ததும் ரசிகன் கையில் என்ன மிஞ்சும்? போய் எட்டிப் பார்க்க ஒரு மைதானம் கிடையாது, பயிற்சி கிடையாது, வாசலில் போர்டுகூடக் கிடையாது. டி.வி.யை அணைத்தால் அணியும் அணைந்துவிடும்.

சென்னையில் கூட்டம் வராது என்று யாராவது சொன்னால் 2007-ஐ ஞாபகப்படுத்துங்கள். ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 9 வரை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசியக் கோப்பை. மூணு வாரத்துக்கு முன்னாடிதான் ஷாருக் கானின் 'சக் தே இந்தியா' வந்திருந்தது. ஊரெல்லாம் அந்தப் பாட்டு. ஃபைனலில் தென் கொரியாவை இந்தியா 7-2 என்று நொறுக்கியது. எங்கள் தெருவில் ஐ.சி.எஃப்.-ல் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார், நாங்கள் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு உட்கார இடமில்லாமல் முழு ஆட்டத்தையும் நின்றுகொண்டே பார்த்தேன் என்று இன்றைக்கும் சொல்வார். இந்தக் கட்டுரையில் பாதி அவர் கொடுத்த விஷயம்.

ஏழு மாதத்துக்குள் எல்லாம் தலைகீழ். 2008 மார்ச், சிலி நாட்டின் சாண்டியாகோ. ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் பிரிட்டனிடம் 0-2. 1928-லிருந்து விடாமல் ஒலிம்பிக்கில் ஆடிவந்த இந்தியா பெய்ஜிங்குக்குப் போக முடியவில்லை. அடுத்த மாதமே ஒரு டி.வி. சேனல், அணித் தேர்வுக்குப் பணம் வாங்கியதாக ரகசிய கேமரா காட்சிகளை வெளியிட்டது. இந்திய ஹாக்கி சம்மேளனத்தின் செயலாளர் ராஜினாமா செய்தார், இந்திய ஒலிம்பிக் சங்கம் அந்தச் சம்மேளனத்தையே இடைநீக்கம் செய்தது. லீக்கை நடத்தியதே அந்தச் சம்மேளனம்தான். அதனால் 2008 சீசன்தான் கடைசி. 'சென்னை வீரன்ஸ் கலைக்கப்பட்டது' என்று ஒருவரும் அறிவிக்கவில்லை. அடுத்த வருஷம் வரவில்லை, அவ்வளவுதான். முதல் ஆஃப்-சீசன் இப்படித் தொடங்கியது.

2009-ல் ஹாக்கி இந்தியா என்று புது அமைப்பு வந்தது. பழைய சம்மேளனம் கோர்ட்டுக்குப் போய் 2010-ல் தனக்குச் சாதகமாகத் தீர்ப்பும் வாங்கியது. ஆக ஒரு விளையாட்டு, இரண்டு அமைப்புகள். உலக சம்மேளனம் ஹாக்கி இந்தியா பக்கம். பழைய சம்மேளனமோ நிம்பஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தனியாக ஒரு லீக்கை அறிவித்தது. அதுதான் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கி, 2012 பிப்ரவரி 29 முதல் ஏப்ரல் 2 வரை, எட்டு அணிகள்.

இதில் நம்ம அணி சென்னை சீட்டாஸ். வீரன்ஸ் போய் சிறுத்தைகள் வந்தார்கள்! பயிற்சியாளர் ஹோசே பிராசா, அதற்கு முன்னால் இந்திய அணிக்கே பயிற்சியாளராக இருந்த ஸ்பெயின்காரர். பாகிஸ்தானின் இம்ரான் வார்சி சென்னைச் சட்டை போட்டு ஆடினார். 2008-க்குப் பிறகு ஐ.பி.எல்.-ல் பார்க்க முடியாத காட்சி இது. முக்கியமான விஷயம், இந்த முறை நிஜமாகவே எழும்பூரில் ஆட்டங்கள் நடந்தன. வீரன்ஸுக்கு முதல் சீசனில் கிடைக்காத சொந்த மைதானம் சீட்டாஸுக்குக் கிடைத்தது. மாலையில் ஆபீஸ் விட்டு நேராக ஸ்டேடியத்துக்குப் போய், ஆட்டம் பார்த்துவிட்டு லோக்கலில் வீடு திரும்பலாம். மாமா சீட்டாஸ் தொப்பி ஒன்று வாங்கினார். அது இன்னும் அவர் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

மும்பையில் நடந்த ஃபைனலில் ஷேர்-ஏ-பஞ்சாப் 5-2 என்று புனே ஸ்ட்ரைக்கர்ஸை ஜெயித்தது. இரண்டாவது சீசன் அதே வருஷக் கடைசியில் என்றார்கள். பிறகு தள்ளிவைத்தார்கள். பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒருபக்கம் உலக சம்மேளனத்தின் அங்கீகாரம் கிடையாது, அங்கே ஆடுகிறவர்களுக்கு இந்திய அணியின் கதவு சாத்தப்படும் என்கிற நிலைமை. இன்னொரு பக்கம் 2013 ஜனவரியில் ஹாக்கி இந்தியா தன் சொந்த லீக்கை ஆரம்பித்துவிட்டது. டெல்லி, பஞ்சாப், மும்பை, ராஞ்சி, உத்தரப் பிரதேசம் என்று ஐந்து அணிகள். சென்னை இல்லை. (அந்த லீக்குக்கு வந்த ஒன்பது பாகிஸ்தான் வீரர்களை ஆடவிடாமலேயே ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். சென்னைச் சட்டையில் பாகிஸ்தான்காரர் ஆடி ஒரு வருஷம்கூட ஆகவில்லை!)

சென்னை ரசிகனின் நிலைமையை இப்போது யோசித்துப் பாருங்கள். லீக் நடக்கிறது, டி.வி.யில் வருகிறது, இந்திய வீரர்கள் எல்லாரும் ஆடுகிறார்கள். ஆனால் 'நம்ம' அணி என்று ஒன்று இல்லை. வேறு ஊர் அணியை ஆதரிக்கலாம்தானே என்பீர்கள். முயற்சி செய்தவர்கள் இருக்கலாம். ராஞ்சிக்கும் அம்பத்தூருக்கும் என்ன சம்பந்தம்? 2014-ல் ஒடிசாவின் கலிங்கா லான்சர்ஸ் சேர்ந்தது, 2017-ல் பட்டமும் வாங்கியது. 2018-ல் லீக்கே நடக்கவில்லை. அதன்பிறகு அதுவும் தூங்கிப்போனது. பெரிய பெரிய தொழில் குழுமங்கள் அணி வாங்கியிருந்தும் வருஷா வருஷம் கைக்காசைப் போட்டு நடத்த முடியவில்லை. ஆக மூன்று லீக்குகள், மூன்றும் ஐந்து சீசனைத் தாண்டவில்லை.

கிரிக்கெட் மக்களே, உங்கள் பாரா இதுதான். 2015 ஜூலையில் சி.எஸ்.கே.வுக்குத் தடை விதித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? 2016, 2017 இரண்டு சீசன் இல்லை. ஊரே துக்கம் அனுசரித்தது. ஆனால் அது இரண்டு வருஷத் தடை, 2018-ல் வந்துவிடுவார்கள் என்று முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். அதே பெயர், அதே மஞ்சள், அதே தோனி. வந்து கோப்பையையும் தூக்கினார்கள். தண்டனைக்குக்கூட முடிவு தேதி உண்டு. நம்ம ஹாக்கி அணி எந்தத் தப்பும் செய்யாமல், எந்தத் தேதியும் சொல்லாமல், பெயரோடு காணாமல் போனது. அதுவும் இரண்டு தடவை.

சரி, அப்படியென்றால் மாமா மாதிரி ஆட்கள் இத்தனை வருஷம் என்ன பார்த்தார்கள்? கேட்டேன். "லீக் போனா போகுதுடா, ஆபீஸ் டீம் இருக்கே" என்றார்.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். மெட்ராஸில் தொழில்முறை ஹாக்கி 2005-ல் பிறந்தது என்பது டி.வி.க்காரர்கள் சொல்கிற சரித்திரம். அதற்கு ரொம்ப முன்னாலிருந்தே இந்த ஊரில் ஹாக்கி ஆடிச் சம்பளம் வாங்குகிறவர்கள் இருந்தார்கள். ஒப்பந்தத்தில் ஹாக்கி வீரர் என்று இருக்காது, கிளார்க் என்றோ டெக்னீஷியன் என்றோ இருக்கும். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி., ஏ.ஜி. ஆபீஸ், வருமான வரித் துறை, தமிழ்நாடு போலீஸ்... இவை எல்லாவற்றுக்கும் ஹாக்கி அணி உண்டு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கொடுப்பார்கள், பையன் காலையில் பயிற்சி, மற்ற நேரம் ஆபீஸ், போட்டி வந்தால் அணியோடு போவான். கால் உடைந்தாலும் வேலை இருக்கும். ஆட்டத்தை விட்ட பிறகும் பென்ஷன் வரைக்கும் வேலை இருக்கும்.

எங்க ஏரியாக்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கம். ஐ.சி.எஃப். திறந்தது 1955 அக்டோபர் 2, நேரு வந்து திறந்துவைத்தார். (அதே வருஷம் ஜனவரியில்தான் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு. 1955 நம்ம பக்கத்துக்கு நல்ல ராசியான வருஷம் போல.) வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி என்று ரயில் பாதையோடு வரிசையாக அந்தத் தொழிற்சாலை ஆட்கள் குடியேறினார்கள். அதனால் ஐ.சி.எஃப். ஹாக்கி அணி ஆடுகிறது என்றால் அது யாரோ ஏலத்தில் எடுத்த அணி இல்லை. அப்பாவோடு வேலை பார்த்தவர் அதில் ஆடுவார், பக்கத்து குவார்ட்டர்ஸ் பையன் ஆடுவான். ரசிகனும் வீரனும் ஒரே கேன்டீனில் டீ குடிக்கிற லீக் வேறு எங்கே இருக்கிறது?

இந்த ஆபீஸ் அணிகளுக்கெல்லாம் பெரிய திருவிழா எம்.சி.சி. - முருகப்பா தங்கக் கோப்பை. 1901-ல் தொடங்கிய போட்டி. 2023-ல் நடந்தது 94-வது. கணக்குப் போட்டால் நடுவில் ஏகப்பட்ட வருஷங்கள் நடக்காமல் போயிருப்பது தெரியும். ஆனால் நின்ற ஒவ்வொரு தடவையும் மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். முருகப்பா என்ற பெயரைப் பார்த்ததும் எங்க ஊர்க்காரர்கள் லேசாக நிமிர்ந்து உட்காரலாம். 1949-ல் ஆரம்பித்த அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் அவர்களுடையது, ஆவடி டியூப் புராடக்ட்ஸ் அவர்களுடையது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள் செய்த அதே குழுமம்தான்.

2023-ல் நடந்த ஒரு விஷயம் இந்த இரண்டு உலகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டியது. ஆகஸ்ட் 12, எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி ஃபைனல். மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா 4-3 என்று ஜெயித்தது. ஸ்டேடியம் அதிர்ந்தது. அந்த அணியில் ஒரே தமிழ்நாட்டுப் பையன், அரியலூர் கார்த்தி செல்வம். சொந்த மாநிலத்து ரசிகர்கள் முன்னால், லீக் சுற்றில் இதே மலேசியாவுக்கு எதிராக முதல் கோல் அவர்தான் போட்டார். இது முடிந்து இரண்டே வாரத்தில், அதே மைதானத்தில் தங்கக் கோப்பை தொடங்கியது. அதே டர்ஃப், அதே விளக்கு. கேலரியில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், அவ்வளவு இடம். மாமாவின் கூட்டாளிகள் நாலைந்து பேர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு, பெனால்டி கார்னரை எவன் எப்படி அடிக்க வேண்டும் என்று மைதானத்துக்கே கேட்கிற மாதிரி யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கார்த்தி செல்வம் எங்கிருந்து வந்தார்? கோவில்பட்டியிலிருந்து. அங்கே இருக்கும் அரசு ஹாக்கி பயிற்சி மையத்தில் வளர்ந்தவர். அவரோடு 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு அறிமுகமான மாரீஸ்வரன் சக்திவேலும் கோவில்பட்டிதான். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர் போன அந்த ஊரில் மே மாத வெயிலில் லட்சுமி அம்மாள் கோப்பை என்று அகில இந்தியப் போட்டி நடத்துவார்கள். ரயில்வே, வங்கி, எண்ணெய் கம்பெனி அணிகள் எல்லாம் வரும். சென்னைக்கு லீக் அணியே இல்லாத வருஷங்களிலும் அந்தப் பக்கத்துச் சின்னப் பையன்கள் மட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். எந்த லீக்கை நம்பியும் இல்லை. நன்றாக ஆடினால் ரயில்வேயிலோ வங்கியிலோ ஒரு வேலை கிடைக்கும், வீடு நிமிரும் என்று நம்பி. அதனால்தான் இப்போது எனக்குக் கவலை லீக் வருமா வராதா என்பதைவிட, ஆபீஸ்கள் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதில் இருக்கிறது. லீக் ஒன்று போனால் இன்னொன்று பெயர் மாற்றிக்கொண்டு வரும், பார்த்துவிட்டோம். ஐ.சி.எஃப். அணி மாதிரி ஒன்று கலைந்தால் மறுபடி கட்ட முடியுமா?

ஒருவழியாக 2024 டிசம்பர் 28 அன்று ஹாக்கி இந்தியா லீக் திரும்பி வந்தது. எட்டு ஆண்கள் அணிகளில் ஒன்று தமிழ்நாடு டிராகன்ஸ். கேப்டன் அமித் ரோஹிதாஸ், கூடவே நெதர்லாந்தின் பெனால்டி கார்னர் புலி யிப் யான்சன், நம்ம கார்த்தி செல்வம். அரையிறுதி வரைக்கும் போய், பட்டம் வாங்கிய பெங்கால் டைகர்ஸிடம் ஷூட்-அவுட்டில் தோற்றார்கள். நல்ல ஆட்டம்தான். ஆனால் எங்கே ஆடினார்கள்? ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும்! இருபது வருஷத்துக்கு முன்னால் வீரன்ஸ் ஹைதராபாத்தில் ஆடியது போலவே, தமிழ்நாட்டின் பெயரில் ஒரு அணி தமிழ்நாட்டில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் சீசனை முடித்தது. (முதல்முறையாகத் தொடங்கிய பெண்கள் லீக்கில் நான்கு அணிகள். அதில் தமிழ்நாடு இல்லை. கேட்பாரும் இல்லை.)

அடுத்த சீசனில்தான் கொஞ்சம் நிம்மதி. 2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது, 24 அணிகள். அர்ஜென்டினாவை 4-2 என்று ஜெயித்து இந்தியப் பையன்கள் வெண்கலம் வாங்கியது எழும்பூரில்தான். அடுத்த மாதமே, 2026 ஜனவரி 3, ஹாக்கி இந்தியா லீக் அதே மைதானத்தில் தொடங்கியது. டிராகன்ஸ் சொந்த ஊரில்! தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதானே மாமா என்றேன். "அது சீட்டாஸ் தொப்பிடா, இவனுங்க டிராகனு" என்றார். ஆனாலும் போனார். தலையில் ஐ.சி.எஃப். தொப்பி.

சென்னை ஆட்டங்கள் முடிந்து லீக் ராஞ்சிக்கும் புவனேஸ்வருக்கும் போய்விட்டது. ஆக மறுபடியும் ஆஃப்-சீசன். டிராகன்ஸ் திரும்ப வருமா, அதே பெயரில் வருமா, எழும்பூருக்கு வருமா என்று யாரும் என்னைக் கேட்காதீர்கள். தங்கக் கோப்பை தேதி அறிவித்ததும் கிளம்ப வேண்டும். ஆவடி, அம்பத்தூர் பக்கம் இருக்கிறவர்கள் மூர் மார்க்கெட் லோக்கல் பிடித்து இறங்கி, ரோட்டைத் தாண்டிப் பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறினால் அடுத்த ஸ்டாப் எழும்பூர். அங்கிருந்து ஸ்டேடியத்துக்கு நடைதான். உட்கார இடம் கிடைக்குமா என்ற கவலையே வேண்டாம், தாராளமாகக் கிடைக்கும். மாமா கூட்டத்துக்குப் பக்கத்தில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள், ஆட்டம் முழுக்க ரூல்ஸ் சொல்லிக் கொடுப்பார்கள்.